மாவு அக்காவின் ஆறாவது ஞாயிறு

எங்கள் கூட்டத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. வந்த முதல் நாளே யாராவது ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். அப்புறம் அதுதான் நிலைக்கும். அவளுக்கு 'மாவு' என்று வைத்தது நான். அவள் நகத்து ஓரமெல்லாம் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. "என்னக்கா, மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தவங்க அப்படியே எழுந்து ஓடி வந்துட்டீங்களா?" என்று கேட்டேன். மேசை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள், ஆனால் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அது சமையல் மாவு இல்லை என்பது எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. எலும்பு முறிவு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடும் வேலை அவளுக்கு.

அவளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. எழுதக்கூடியவர்கள் எல்லோரும் அன்று அந்த மேசையில் என்னோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

எங்கள் கூட்டம் எப்படிப்பட்டது என்பதைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். கயிற்றால் கட்டுவதும் கட்டிக்கொள்வதும் பிடித்தவர்கள் நாங்கள். எல்லோரும் தலை நரைக்கத் தொடங்கிய ஆட்கள். யாரும் யாரையும் வற்புறுத்துவதில்லை. 'போதும்' என்று ஒரு சொல் வந்தால் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். இந்த மாதிரி ஆசைகளுக்கெல்லாம் சேர்த்து கிங்க் என்று ஒரு பெயர் இருக்கிறது. பெரிய ஊர்களில் இப்படிப்பட்டவர்கள் கூடுகிற இடங்களும் இருக்கின்றன. கேள்விப்படுகிறவர்கள் சிவப்பு விளக்கு, சாட்டை, இருட்டு அறை என்று என்னென்னவோ கற்பனை செய்துகொள்வார்கள். நேரில் வந்து பார்த்தால் ஏமாந்துபோவார்கள். ஒரு காபிக்கடையின் மாடி, காலை பதினொரு மணி, ஜன்னலோரம் ஒரு நீள மேசை, அதன்மேல் மடக்கி வைத்த மஞ்சள் குடை. குடையைச் சுற்றி உட்கார்ந்து முட்டிவலிக்கு எந்த டாக்டர் கெட்டிக்காரர் என்று பேசிக்கொண்டிருப்போம்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அந்தக் கூட்டம். புதிதாக வருகிறவர் ஐந்து ஞாயிறு வந்து, தேநீர் குடித்து, வம்பளந்துவிட்டுப் போக வேண்டும். அவர் ஆள் எப்படி என்று மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பிறகு பழைய ஆட்களில் இரண்டு பேர் அவருக்காகக் கை தூக்கினால், ஆறாவது ஞாயிறு மதியம் ஹாலுக்கு அழைத்துப் போவோம். டயர் கடைக்குப் பின்னால் ஒரு நடனப் பயிற்சி ஹால் அது. சுவர் முழுக்கக் கண்ணாடி, தரையில் மெத்தை, உத்தரத்தில் வளையம். அங்கே வருகிறவர் தனக்கான கயிற்றைத் தானே பதமாக்கிக் கொண்டுவர வேண்டும். வெந்நீரில் வேகவைத்து, நிழலில் காயப்போட்டு, எண்ணெய் தடவி, துணி மாதிரி மெதுவாக்கியிருக்க வேண்டும். கை தூக்கியவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. தன் ஆள் தப்பு செய்தால், அவருக்கும் ஒரு வருடம் ஹால் கிடையாது. தூக்கிய கையை முன்கூட்டியே இறக்கிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. வெளியே பார்த்தால் யாரும் யாரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. ஒரே லிஃப்டில் ஏறினாலும் சரி, ஒரே கல்யாண வீட்டில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாலும் சரி. "தெரியாது"தான். இந்த ஒன்றை மீறினால் மன்னிப்பே கிடையாது. எங்களில் பாதிப்பேருக்கு வேலை போகும், மீதிப்பேருக்குக் குடும்பம் போகும். அதனால் அந்த விதியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம்.

மாவு அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. நான்கு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு சின்ன ஊர். அண்ணன் வீட்டின் பின்கட்டில், பழைய சைக்கிளுக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவில் அவள் கட்டில். பத்தொன்பது வருடமாக அதே ஆஸ்பத்திரி, அதே அறை. காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் கை உடைந்தவன், கால் உடைந்தவன், அழுகிற பிள்ளை, திட்டுகிற கிழவர் என்று வரிசை கட்டி வருவார்கள். பஞ்சைச் சுற்று, துணியை நனை, சுற்று, தடவு, பிடி, காயவிடு. வீட்டுக்கு வந்தால் அண்ணிக்குக் காய் நறுக்கு, அண்ணன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்.

"நாள் முழுக்க ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் நான் கட்டிவிடறேன். என்னை யாராவது ஒருநாள் கட்டிவெச்சு, நீ ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா இருன்னு சொல்லணும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். காரணம் கேட்டால் நாங்கள் எல்லோரும் இப்படி ஏதாவது சொல்வோம். உண்மையில் காரணம் ஒன்றும் இல்லை. பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் அவள் சொன்னதை நான் நம்பினேன்.

எங்களைக் கண்டுபிடிக்க அவள் இரண்டு வருடம் அலைந்திருக்கிறாள். போனில் தேடி, அரைகுறை முகவரிகளை நம்பி, லீவு நாளில் பஸ் ஏறி, ஒருமுறை போய் இறங்கிய இடம் உடற்பயிற்சிக் கூடம். அங்கே இருந்த கட்டழகன் கயிற்றைக் கையில் கொடுத்து, ஏறச் சொன்னானாம். "ஏறினீங்களா?" என்று கேட்டேன். "பாதி ஏறினேன். அவ்வளவு அன்பாச் சொன்னான், எப்படி முடியாதுங்கறது?" என்றாள். இன்னொரு முறை கூட்டம் என்று சொல்லி வரவழைத்தவன் லாட்ஜ் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தான். வாசற்படியிலேயே திரும்பி ஓடியவள், பஸ் ஏறும்வரை நிற்கவே இல்லையாம். அதற்கு மேலும் ஒருத்தி தேடுகிறாள் என்றால் அந்தத் தேவை எவ்வளவு இருந்திருக்கும் என்று பாருங்கள். கடைசியில் ஒரு இணையதளத்தில் எங்கள் அறிவிப்பு கண்ணில் பட்டது. பகல் நேரம், காபிக்கடை, மாடி, மஞ்சள் குடை. பகல் என்று போட்டிருந்ததைப் பார்த்துத்தான் தைரியம் வந்ததாகச் சொன்னாள். அண்ணியிடம் பல் டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஐந்து மாதம் அதே பல்.

அவளுக்காகக் கை தூக்கிய இரண்டு பேரில் ஒருவர் மாஸ்டர். ஐம்பது வயது, வழுக்கை, பெரிய ஆபீசில் பெரிய நாற்காலி என்று பார்த்தாலே தெரியும். எங்களுக்கெல்லாம் முடிச்சு சொல்லிக்கொடுத்தது அவர்தான். குடையின் பட்டை அறுந்துபோனதிலிருந்து அதைக் கட்டிவைப்பது அவர் வேலை. கயிற்றின் கடைசி முனையை இரண்டு சுற்று உள்ளே மடித்து, பெருவிரல் நுழையும் அளவுக்குச் சின்னதாக ஒரு கண் விட்டு, படுக்க வைத்துவிடுவார். அந்தக் கண்ணில் விரலை விட்டு ஒரு இழுப்பு இழுத்தால் கட்டு முழுவதும் அவிழும். கட்டப்பட்டவரே அவிழ்த்துக்கொள்ளலாம். புதிதாக வருகிற எல்லோரும் அந்தக் குடையில்தான் அந்த முடிச்சைப் பழகுவார்கள். மாவு அக்கா மூன்றாவது ஞாயிறே மாஸ்டரைவிட வேகமாகப் போட ஆரம்பித்துவிட்டாள். "கை அப்படி" என்று மாஸ்டர் மெச்சினார்.

கை தூக்கிய இன்னொருத்தி நான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். நாள் முழுக்க முட்டாள்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கை மிதித்து உயிர் பிழைக்கிறவள். வாயும் அதற்கேற்ற மாதிரிதான். மாவு அக்காவிடம் மட்டும் என் வாய் அடங்கும். கூட்டம் முடிந்ததும் அவளை பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவேன். ஐந்தாவது ஞாயிறு காரில் ஏறியதும் சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள்.

"கயிறு எத்தனை முழம் கொண்டுவரட்டும்?"

"ரெண்டு துண்டு போதும்க்கா. நல்லா வேகவெச்சிருங்க."

"போன வாரமே வேகவெச்சுட்டேன். அண்ணி பாத்துட்டு, கயிறை எதுக்குடி வேகவைக்கறே, பைத்தியமான்னு கேட்டாங்க. துணி காயப்போட, கிருமி இல்லாம இருக்கட்டும்னு சொன்னேன். சரின்னுட்டு அவங்களே எடுத்துக் கொடி கட்டிட்டாங்க. இப்ப அண்ணனோட ஜட்டி எல்லாம் அதுலதான் தொங்குது."

ஸ்டியரிங்கை விட்டுவிட்டு நான் சிரித்தேன். அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அதைக் கேட்டு வாங்கிடணும். ஆறாவது ஞாயிறு வந்துட்டா அப்புறம் என்ன, நான் ஒரு பொய்கூடச் சொல்லாம உக்கார ஒரு இடம் இருக்கும்" என்றாள். வாழ்க்கையில் அவள் கேட்டது அவ்வளவுதான்.

பதினைந்து நாள் கழித்து அவள் ஊரில் நல்ல மழை. தரை வழுக்கினால் மாவுக்கட்டு அறைக்கு யோகம். அன்று வரிசையில் பதினோராவதாக உள்ளே வந்தவர் மாஸ்டர். மாமியார் வீட்டுக்கு வந்த இடத்தில் படியில் வழுக்கி இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கூடவே மனைவி. மாவு அக்காவைப் பார்த்ததும் மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் அசரவில்லை. "உக்காருங்க. பேர் சொல்லுங்க" என்றாள், மற்ற எல்லோரையும் கேட்பது மாதிரி. அவர் சொந்தப் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை அவள் என்னிடம்கூடக் கடைசிவரை சொல்லவில்லை. பஞ்சு சுற்றினாள், நனைத்த துணியைச் சுற்றினாள், தடவினாள், விரலை அசைக்கச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. கையைத் தாங்குகிற பை அன்று தீர்ந்துபோயிருந்தது. அதனால் துணிப்பட்டையைக் கிழித்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டினாள். கட்டி முடித்த கை, தானாகவே முனையை இரண்டு சுற்று உள்ளே மடித்து, கண் விட்டு, படுக்க வைத்தது.

மாஸ்டரின் மனைவி குனிந்து பார்த்தாள். விரலை அந்தக் கண்ணுக்குள் விட்டு ஒரு இழுப்பு இழுத்தாள். பட்டை முழுதாக அவிழ்ந்து மாஸ்டரின் மடியில் விழுந்தது.

"எங்க வீட்டுக் கொடிக்கயிறு, ஊருக்குப் போற பெட்டி, பழைய பேப்பர் கட்டு, எல்லாத்துலயும் இதே முடிச்சுதான். இருபத்தி ரெண்டு வருஷமா இவர் ஒருத்தர்தான் இப்படிப் போட்டுப் பாத்திருக்கேன்" என்றாள். பிறகு மாவு அக்காவைப் பார்த்து, "உங்களுக்கு யாரும்மா இதைச் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டாள்.

டிரெயினிங்கில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்தது. அவள் சொல்லவில்லை. வாயைத் திறப்பதற்கு முன் அரை நொடி மாஸ்டரின் முகத்தைப் பார்த்தாள். எங்கள் கூட்டத்துப் பழக்கம் அது. கயிற்றைத் தொடும் முன், இறுக்கும் முன், அவிழ்க்கும் முன், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து, செய்யட்டுமா என்று கண்ணாலேயே கேட்போம். குடையில் முடிச்சு பழகும்போதுகூட அப்படிக் கேட்கச் சொல்லி, ஐந்து மாதமாக அவளுக்கு நாங்கள் பழக்கிவிட்டது. வெளியே இருக்கிற ஆயிரம் பேரில் ஒருத்தர்கூடப் பொய் சொல்வதற்கு முன் அனுமதி கேட்கமாட்டார்கள். அவள் கேட்டாள். மனைவி அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இவங்க யாருன்னே தெரியாது" என்றார் மாஸ்டர். அதுவரை சரி, அது விதி. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனைவி விடவில்லை. பரணில் கிடக்கிற கயிற்றுப் பை எதற்கு, மாதா மாதம் இரண்டாம் ஞாயிறு எங்கே போகிறீர்கள், இவள் ஏன் உங்களை அப்படிப் பார்த்தாள் என்று அடுக்கினாள். வரிசையில் நின்றவர்கள் உடைந்த கையை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மாஸ்டர் வியர்த்துக் கொட்டினார். கடைசியில் வாயைத் திறந்தார்.

"சரி, சொல்லிடறேன். இந்தப் பொம்பள மூணு மாசமா என் பின்னாடியே சுத்துது. என் நம்பர் எப்படிக் கிடைச்சுதோ தெரியலை. மெசேஜ் மேல மெசேஜ். உன்கிட்ட சொன்னா வருத்தப்படுவேன்னுதான் சொல்லலை."

பெரிய சிஸ்டர் வந்தார். அந்த ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கெல்லாம் மேலே இருப்பவர், மாவு அக்காவைப் பத்தொன்பது வருடமாகத் தெரிந்தவர்.

"உனக்கு இவரைத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது சிஸ்டர்."

"அப்ப இவர் ஏன் இப்படிச் சொல்றார்?"

"தெரியாது சிஸ்டர்."

"போனைக் காட்டு. உன் மேல தப்பு இல்லைன்னா காட்டு."

அந்தப் போனில் மாஸ்டர் அனுப்பிய செய்தி இருந்தது. 'கை தூக்கிவிட்டேன். அடுத்த மாதம் கயிற்றோடு வாருங்கள்' என்று அவரே எழுதியது. அதை நீட்டியிருந்தால் அந்த ஆளின் பொய் அங்கேயே கிழிந்திருக்கும். அவள் போனை அணைத்து அங்கியின் பையில் போட்டுக்கொண்டாள். காட்டமாட்டேன் என்றாள். அப்புறம் யார் நம்புவார்கள்? சிகிச்சைக்கு வந்தவருக்குத் தொல்லை கொடுத்தாள் என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மாஸ்டரின் மனைவி போனாள். கீழே கையெழுத்துப் போட்டது மாஸ்டர். வலது கை நன்றாகத்தானே இருந்தது.

அன்று சாயங்காலம் மாவு அக்கா எனக்குப் போன் செய்தாள். நடந்ததை வரிசையாகச் சொன்னாள், அழவில்லை. "வேலைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்க. அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பிப் பேசியிருக்காங்க. அவர் போனைக் குடுன்னு நிக்கறார். எல்லாத்தையும் அழிச்சுட்டுக் குடுத்துடுவேன். நம்ம ஆளுங்க பேர் ஒண்ணும் வெளிய வராது, பயப்பட வேணாம்னு சொல்லுங்க" என்றாள். பிறகு இதையும் சொன்னாள். "நான் சொல்லலை. ஒரு வார்த்தை சொல்லலை. இதை நீங்க அவங்ககிட்ட சொன்னாப் போதும். ஆறாவது ஞாயிறு வந்துடறேன். இனி எனக்கு வேற எங்கயும் போக இடமில்லை."

"சொல்றேன்க்கா. நீங்க தைரியமா வாங்க" என்றேன்.

அன்றைக்கே மாஸ்டர் எங்கள் போன் குழுவில் நீளமாக எழுதிவிட்டார். அவர் மனைவி எதிரில் மாவு வேண்டுமென்றே எங்கள் முடிச்சைப் போட்டுக் காட்டினாள், கண்ஜாடை காட்டினாள், குடும்பத்தைக் குலைத்துவிட்டாள், நாளைக்கு உங்கள் வீட்டு வாசலிலும் வந்து நிற்பாள் என்று. ஒருவர் பின் ஒருவராக, அவளை என்ன செய்வது என்று எழுத ஆரம்பித்தார்கள். கூட்டத்தை நடத்துகிறவர் குடையம்மா. குடை அவருடையது, ஹாலை ஏற்பாடு செய்பவரும் அவர். நியாயமான மனுஷி, அவசரப்பட்டு எதையும் செய்யமாட்டார். என்னிடம் நேரடியாகவே கேட்டார்: 'அவளுக்காகக் கை தூக்கியவர் நீங்கள். உங்களிடம் ஏதாவது சொன்னாளா? நடந்தது இதுதானா?'

நான் பாடம் முடிந்து காரில் தனியாக உட்கார்ந்திருந்தேன். உண்மையை எழுத நாலு வரி போதும். ஆனால் எழுதினால் மாஸ்டர் பொய்யர் என்றாகும், கூட்டம் இரண்டாக உடையும். குடையம்மா என் பேச்சை நம்பாவிட்டால் எனக்கும் ஒரு வருடம் ஹால் கிடையாது. எனக்கு அந்த ஹால் வேண்டும். மாதத்தில் அந்த ஒரு மதியத்துக்காகத்தான் மற்ற நாட்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறேன். 'எனக்கு ஒன்றும் தெரியாது. என் கையை இறக்கிக்கொள்கிறேன்' என்று எழுதி அனுப்பினேன். அடுத்த நிமிடம் மாவு அக்காவின் பெயரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அவளிடம் போன் இல்லை. எடுத்துவிட்டது அவளுக்குத் தெரியாது. வருவாள் என்று எனக்குத் தெரியும். காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறி, பதினொரு மணிக்கு இங்கே இறங்குவாள். பஸ் நிலையத்துக்கே போய், 'வராதீர்கள்' என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கலாம். அந்த நேரத்துக்கு ஒரு புது ஆளுக்குப் பாடம் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பாடம் எடுப்பதே கிடையாது.

மேசைக்கு நான் வந்து சேர்ந்தபோது ஆறு பேர் இருந்தார்கள். மாஸ்டரும் வந்திருந்தார், மாவுக்கட்டோடு. அவள் போட்ட கட்டு அழுக்கேறியிருந்தது, ஆனால் ஒரு விரிசல் இல்லை. மனைவியை எப்படியோ சமாதானப்படுத்திவிட்டாராம். பிசியோதெரபிக்கு என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மாவு அக்கா மேலே வந்தாள். தலையை வாரிப் பின்னியிருந்தாள். நகமெல்லாம் சுத்தமாக இருந்தது, வேலை இல்லாத கை. தோளில் ஒரு துணிப்பை. அதன் வாயிலிருந்து கயிறு எட்டிப் பார்த்தது. கயிற்றில் ஒரு துணிக் கிளிப் இன்னும் மாட்டியிருந்தது. அண்ணி பார்க்காத நேரத்தில் கொடியை உருவிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். மஞ்சள் குடையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்த விதத்தை நான் சொல்லாமல் விடுகிறேன்.

மேசையருகே வந்து நின்றாள். யாரும் நாற்காலியை நகர்த்தவில்லை. ஒருத்தர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், ஒருத்தர் சர்க்கரையைக் கலக்கினார். குடையம்மா என்னைப் பார்த்தார். கை தூக்கியவர்தான் பேச வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மாவு அக்காவும் என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை. நான் அவர்களிடம் எல்லாம் சொல்லியிருப்பேன் என்று நம்பிக்கொண்டு நின்றாள்.

"யாரைத் தேடறீங்க?" என்று கேட்டேன்.

அவளுக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே, "நான்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"உங்களை எங்களுக்குத் தெரியாதே" என்றேன்.

நான் எத்தனையோ பேரைத் திட்டி அழவைத்தவள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் நடு ரோட்டில் காரை நிறுத்திவிட்டு அழுதிருக்கிறார்கள். இவ்வளவு மரியாதையாகப் பேசி யாரையும் நான் கொன்றதில்லை. அவள் என்னைப் பார்த்தாள், குடையம்மாவைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்து முடித்தாள். அப்போது புரிந்துவிட்டது. கத்துவாள் என்று நினைத்தேன். மாஸ்டரின் சொந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லிக் கூப்பிட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி நாலு வார்த்தை கேட்டிருந்தால் எங்கள் மானம் அன்றோடு காற்றில் பறந்திருக்கும். மாஸ்டரின் நெற்றியில் வியர்வை அரும்பியது.

பையின் வாயிலிருந்து எட்டிப் பார்த்த கயிற்றை அவள் உள்ளே தள்ளினாள்.

"மன்னிச்சுக்கோங்க. எடம் மாறி வந்துட்டேன் போல" என்றாள்.

"பரவால்லைங்க" என்றார் குடையம்மா.

இரண்டு அடி நடந்தவள் திரும்பினாள். மாஸ்டரின் கை மேசைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் லேசாக வீங்கியிருந்தன. எங்களில் ஒருத்தரும் அதைக் கவனிக்கவில்லை. அவளால் கவனிக்காமல் இருக்க முடியாது போலிருக்கிறது.

"சார், யாரோ சொல்றேன்னு நினைக்காதீங்க. கட்டுப் போட்ட கையைத் தொங்கவிடக் கூடாது. நெஞ்சுக்கு மேல தூக்கி வெச்சுக்கோங்க, இல்லைன்னா விரல் இன்னும் வீங்கும்."

மாஸ்டர் அந்த நொடியே கையைத் தூக்கி மேசைமேல் வைத்துக்கொண்டார். அவள் தலையை ஆட்டிவிட்டுப் படியில் இறங்கிப் போனாள். ஜன்னல் வழியே பார்த்தேன். பஸ் நிலையம் இருக்கும் பக்கம் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். வரும்போது ஆட்டோவில் வந்துவிடுவாள்; திரும்பும்போது ஐந்து மாதமும் நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். பிறகு யாரிடமோ வழி கேட்டுவிட்டுத் தப்பான திசையில் நடந்தாள்.

"பாவம்" என்றார் சர்க்கரை கலக்கியவர். யாரைச் சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாவது சுற்றுத் தேநீர் சொன்னோம்.

மதியம் ஹாலுக்குப் போனோம். ஒரு கையை வைத்துக்கொண்டு மாஸ்டரால் கட்ட முடியவில்லை. "கடைசி முடிச்சை நீங்களே போடுங்க" என்று குடையம்மா என்னிடம் சொன்னார். எதிரில் இருந்தவரின் முகத்தைப் பார்த்து, போடட்டுமா என்று கண்ணால் கேட்டேன். அவர் சரி என்றார். முனையை இரண்டு சுற்று உள்ளே மடித்து, பெருவிரல் நுழையக் கண் விட்டு, படுக்க வைத்தேன். நன்றாக வந்திருப்பதாக எல்லோரும் சொன்னார்கள்.